கதவுக்கு வெளியே மூன்று விரல்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைப் பின்னறைக் கதவுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்பேன். நாற்காலியை நானே இழுத்துத் திருப்பிப் போடுவேன். மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வரும் என்று ஒரு காரணமும் சொல்வேன். காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் வரும்.

அந்தக் கதவைச் சாத்தினால், அதன் அடியிலிருந்து ஹால் பக்கமாக, உள்ளறையின் பழுப்புத் தரை மூன்று விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புடவைக்குக் கீழே பாவாடை தெரிகிற மாதிரி. திறந்து வைத்தால் அவ்வளவாகக் கண்ணில் படாது. அதனால் நாலு வருஷமாகப் பகலெல்லாம் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கிறது. அப்படியும் யாராவது கவனித்துக் கேட்டுவிட்டால், "எங்க பாவா வெட்டினது. அவருக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல" என்று சொல்லிவிடுவேன்.

அது பொய். பாவாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தப்பான கோட்டைப் போட்டவள் நான். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில்தான் வேகும். அத்தான் என்று கூப்பிட்டால் எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும். அவர் பள்ளிப்பட்டில் நாலு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவர். நாற்பத்தாறு வயதில் தறிகளை விற்றுவிட்டு, டைல்ஸ் பதிக்கிறவர்களோடு போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இந்த வயதில் முட்டி போட்டுத் தரையில் நகர முடியுமா என்றார்கள். நானும் சிரித்தவர்களில் ஒருத்திதான். அவர் ஐந்தாறு வருஷம் மற்ற மேஸ்திரிகளின் கீழே வேலை செய்து, பிறகு தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. "இழை பாத்த கண்ணும்மா இது. ஒரு மயிரிழை தப்பினாலும் எனக்கு உறுத்திகினே இருக்கும்" என்பார். சொல்லும்போது வலது கண்ணுக்குக் கீழே விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். வேறு எதற்கும் பெருமை பேசுகிற ஆள் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஹாலுக்குப் பின்னால் இருந்த தாழ்வாரத்தை அடைத்து ஓர் அறையாக்கினோம். ஹாலில் போட்டிருந்த வெளிர்மஞ்சள் டைல்ஸே பின்வாசல் வழியாகத் தாழ்வாரம் வரைக்கும் ஓடியிருந்தது. தாழ்வாரப் பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளுத்து, அங்கங்கே உடைந்தும் போயிருந்தது. அந்தப் பகுதியை மட்டும் பெயர்த்துவிட்டு, மரம் மாதிரி இருக்கும் பழுப்பு டைல்ஸ் போடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு வாசலில் ஏற்கெனவே பதித்திருக்கும் டைல்ஸைக் குறுக்கே வெட்ட வேண்டும்.

வேலையை பாவாவிடம் கொடுத்தேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் எங்கள் ஊர்க் கோயில் மலையடிவாரத்தில் யாத்ரீகர்களுக்காக மூன்று மாடி விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் பாவாவைப் பற்றிச் சொன்னதும் நான்தான். "உங்க வீட்டு வேலை முடியட்டும். வந்து பாக்கறேன். நல்லா இருந்துச்சுன்னா மூணு மாடியும் அவருக்கே குடுத்துடறேன்" என்றார். பாவா தனியாளாக எடுத்ததில் அவ்வளவு பெரிய வேலை எதுவும் கிடையாது. அது கிடைத்துவிட்டால் சிரித்த வாயெல்லாம் மூடிக்கொள்ளும் என்று அக்கா போனில் சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என் சிபாரிசில் ஒருவர் மேலே வரப்போகிறார் என்கிற பெருமை. அதை வேலை முடிவதற்கு முன்பே அனுபவிக்கத் தொடங்கிவிட்டேன்.

பதிக்காத டைல்ஸை வெட்டுவது சுலபம். கட்டரில் வைத்து ஓர் இழு, ஓர் அழுத்து, பட்டென்று உடைந்துவிடும். தரையில் பதிந்துவிட்டதை வெட்டுவது வேறு விஷயம் என்று பாவா சொன்னார். ஒருதரம்தான் வெட்ட முடியும். தப்பினால் மாற்று இல்லை. ஹாலில் இருந்த டைல்ஸ் கடையில் கிடைப்பது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"கதவு சாத்தினா, ஹால்ல நிக்கறவனுக்கு ஹால் தரைதான் தெரியணும். ரூம்ல நிக்கறவனுக்கு ரூம் தரைதான் தெரியணும். ரெண்டும் கதவுக்கு அடியில போய் சந்திக்கணும். அப்பதான் வேலை தெரிஞ்சவன் செஞ்சான்னு அர்த்தம்" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் தச்சர் புதுக்கதவை மாட்டினார். பாவா கதவைச் சாத்திவிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்து, அடியில் இருந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திறந்து, அளந்து, மறுபடி சாத்திப் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டின் இரண்டு நுனியிலும், வைத்துக்கொள்ள வேண்டிய பக்கத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அது அவருடைய வழக்கம். அதன் பிறகு தச்சர் கதவைக் கழற்றி, அடிப்பக்கம் இழைக்கவும் பாலிஷ் போடவும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

கிளம்பும்போது பாவா சொன்னார்: "நாளைக்குக் காலைல வந்து வெட்டிடறேன். அந்தக் கோட்டை மட்டும் தொடைச்சிடாதீங்க. மறுபடி கதவைக் கொண்டாந்து மாட்டி அளக்கணும்னா அரைநாள் பூடும்."

"கோடு போடறதுதான் பாவா என் பொழப்பே. எனக்கே சொல்றீங்களா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

உண்மையிலேயே அதுதான் என் பிழைப்பு. நிலம் அளந்து வருகிறவர்கள் கொண்டுவரும் அளவுகளை வைத்துப் புலப்படம் வரைகிற வேலை எனக்கு. ஒருவருடைய வயல் எங்கே முடிந்து அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்பதைக் காகிதத்தில் கோடாகப் போடுகிறவள். அலுவலகத்தில் யாராவது கவனக்குறைவாக ஒரு கோட்டை அழித்துவிட்டால் நான் பேசுகிற பேச்சை மேசைக்கு மேசை கேட்கலாம். என் வாய்த் துடுக்கு ஊரறிந்தது.

மறுநாள் கிருத்திகை. கிருத்திகையன்று வீடு துடைக்காமல் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம். எழுந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டு, சமையலறையில் தொடங்கினேன். இருபத்தைந்து வருஷமாகச் செய்கிற வேலை, கை தானாகப் போகும். மனம் அலுவலகத்தில் எதையோ நினைத்துக்கொண்டிருந்தது. ஹாலைத் துடைத்து, பின்வாசல் வரைக்கும் போய், துணியை வாளியில் பிழியும்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோடு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஈரத் தீற்றல் மட்டும் இருந்தது. அடுத்த நிமிஷம் அதுவும் காய்ந்துபோனது.

அப்போது எனக்கு வந்தது பயம்கூட இல்லை. எரிச்சல். எதற்குப் பென்சிலால் போட்டார், மார்க்கரால் போட்டிருக்கலாமே என்று அவர்மேல் எரிச்சல். ஒரு போன் போட்டிருந்தால் போதும். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு, வந்து அரைநாள் செலவழித்து மறுபடி அளந்திருப்பார். அவர் திட்டமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முந்தின சாயங்காலம்தான் பெரிதாகப் பேசியிருந்தேன். நானே அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது காரணம் இருந்தால் தேவலாம் என்று பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

ஜன்னலில் அவர் வைத்துவிட்டுப் போன பென்சில் இருந்தது. என் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். கோடு வாசல் நிலையின் ஓரத்தை ஒட்டி இருந்ததாக ஞாபகம். ஞாபகம் என்ன, நிச்சயமாகவே நினைத்தேன். ஹால் பக்கத்து ஓரத்தை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடாகப் போட்டேன். அழகான கோடு. கதவு உட்காரும் இடம் நிலைக்குள்ளே, அறைப் பக்கமாக இன்னும் மூன்று விரல் தள்ளி என்பது என் புத்திக்கு எட்டவில்லை. கதவும் அங்கே இல்லை.

இதுவரைக்கும் அவசரபுத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பிறகு செய்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. கோட்டின் இரண்டு நுனியிலும் அவருடைய பெருக்கல் குறியைப் போட்டேன். அவர் போடுகிற மாதிரியே, ஒரு கால் நீளமாக, ஒரு கால் குட்டையாக. பிறகு கை கழுவிவிட்டு வந்து, உலை வைத்தேன்.

பாவா பதினொரு மணிக்குத்தான் வந்தார். கிருத்திகைக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். வெட்டும் மெஷினை ஓர் அரிசிச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காவடிகளுக்கு நடுவே அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தார். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். வாசலில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தார். விரலை அதன்மேல் வைத்து ஓட்டினார்.

"இன்னாம்மா இது, கோடு கொஞ்சம் ஹால் பக்கமா வந்தாப்ல கீது?"

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல சந்தர்ப்பத்தை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

"நேத்து நீங்க போட்ட கோடுதானே பாவா. நான் அந்தப் பக்கமே போவல" என்றேன்.

அவர் குனிந்து நுனியில் இருந்த குறியைப் பார்த்தார். "ஆங், என் குறிதான்" என்றார். தன் கண் சொன்னதை விட்டுவிட்டு என் வாய் சொன்னதை எடுத்துக்கொண்டார். மெஷினுக்கு வயரைச் சொருகினார்.

அவர் வெட்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்டு குற்றமே இல்லாதது. அலுமினியச் சட்டத்தைக் கோட்டோடு வைத்துக் காலால் அழுத்திக்கொண்டார். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முதல்தரம் மேலாகக் கீறினார். இரண்டாம் தரம் கொஞ்சம் ஆழமாக. மூன்றாம் தரம் அடிவரைக்கும். பிளேடு எட்டாத மூலைகளில் உளியை வைத்து, பழத்தோல் உரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. மூக்கில் கட்டிய துண்டோடு என்னைத் திரும்பிப் பார்த்து, எப்படி என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று நாளில் பழுப்புத் தரை போட்டு முடிந்தது. சேரும் இடத்தில் கறுப்புக் கல்லில் ஒரு மெல்லிய பட்டியும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சர் கதவை மாட்டினார். விடுதிக்காரர் வந்திருந்தார். பாவா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தச்சர் கதவைச் சாத்தினார். கறுப்புப் பட்டியும் அதன் பின்னால் பழுப்புத் தரையும் கதவுக்கு வெளியே, ஹால் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாலும் தப்பு எங்கே என்று சொல்லிவிடும். பாவா வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, கன்னத்தை வைத்துப் பார்த்தார். எழுந்து டேப்பை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் நான் செய்தது என்னவென்று முழுதாகப் புரிந்தது.

"இன்னா மேஸ்திரி, இது இன்னா கணக்கு?" என்றார் விடுதிக்காரர்.

பாவா என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தடுமாறுகிறவர் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தேடுகிற பார்வை. நான் சும்மா இருந்திருந்தாலாவது பாதிப் பாவத்தோடு போயிருக்கும். சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

"வயசாவுது இல்ல. பாவாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லைங்க" என்றேன்.

பரிவாகச் சொன்னேன். இன்னும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. அவ்வளவு பரிவாக ஒருவரை அடிக்க முடியும் என்று அன்றைக்கு முன் எனக்குத் தெரியாது.

விடுதிக்காரர் காபி குடித்துவிட்டு, "சொல்லி அனுப்பறேன்" என்று கிளம்பினார். சொல்லி அனுப்பவில்லை. அரக்கோணத்தில் இருந்து வேறு ஆட்கள் வந்து அந்த மூன்று மாடியையும் போட்டார்கள். பாவா என்னிடம், "என் தப்புதாம்மா. குறி போடறப்பவே தவறிட்டேன் போல. உன் வீட்டை இப்படிப் பண்ணிட்டேன்" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் "பரவால்ல பாவா" என்று மன்னித்தேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு வேலை போயிற்று என்று இருந்திருக்கும். அவர் அரக்கோணத்தில் கண் டாக்டரைப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை, படிக்க மட்டும் கண்ணாடி போதும் என்றார்கள். நம்பாமல் திருப்பதிக்கும் போனார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். "அவங்களுக்கு இன்னா தெரியும்? என் கையால போட்ட குறியை நானே பாத்தேன்" என்று அக்காவிடம் சொன்னாராம். கொஞ்சநாள் ஒவ்வொரு கோட்டையும் பத்துத் தடவை அளந்தார். ஒருநாள் வேலை ஆகிற இடத்தில் இரண்டு நாள் ஆனது, ஆட்கள் கூப்பிடுவது குறைந்தது. பிறகு மெஷினைத் தொடுவதையே விட்டுவிட்டார். இப்போது மற்ற மேஸ்திரிகளோடு போய், அவர்கள் பதித்த டைல்ஸின் சந்துகளில் பவுடர் குழைத்து அடைக்கிற வேலை. கண்ணுக்குக் கீழே தட்டிக்காட்டுவது எப்போதோ நின்றுபோனது.

இதையெல்லாம் அக்கா போனில் சொல்லும்போது நான் "அவரை ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்பேன். சொல்லிவிடலாம் என்று பலதரம் கிளம்பியிருக்கிறேன். ஒருதரம் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தனியாகப் பார்த்தேன். ஒருதரம் நம்பரைப் போட்டு, அவர் "சொல்லும்மா" என்றதும், பொங்கலுக்கு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகிறது. முதல்நாள் சொல்லியிருந்தால் ஒரு கோடு அழிந்த கதை. இப்போது சொன்னால் அவருடைய நாலு வருஷத்தை நான் என்ன செய்தேன் என்கிற கதை.

போனமாதம் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டில் சமையலறைத் தரையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அதே வேலை, வாசலில் பதித்திருக்கும் டைல்ஸைக் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு வேறொரு மேஸ்திரி வந்து, மெஷினோடு காத்துக்கொண்டிருந்தார். பாவா கோடு போட்டுவிட்டு, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்றாள் அக்கா.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "நல்ல வேளை வந்த. நீ கோடு போடற ஆளு, உன் கண்ணு நல்ல கண்ணு. கொஞ்சம் பாத்து சொல்லும்மா, இது சரியா கீதா?"

குனிந்து பார்த்தேன். கதவைச் சாத்திப் பார்த்தேன். கன்னத்தைத் தரையில் வைத்தும் பார்த்தேன். கோடு கதவுக்கு நேர் அடியில், நட்டநடுவில் இருந்தது. இருபத்தைந்து வருஷம் கோடு போட்ட என்னால் அதைவிடச் சரியாகப் போட்டிருக்க முடியாது.

"சரியா இருக்குது பாவா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"இன்னொரு தரம் பாரு. எனக்கு என்மேல நம்பிக்கை இல்ல."

இன்னொரு தரம் பார்த்தேன். பாவா என்று வாயெடுத்தேன். அதற்குள் மேஸ்திரி மெஷினை ஓட்டிவிட்டார். இந்தச் சத்தத்தில் எதைச் சொல்வது, நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கால்மணி நேரத்தில் மெஷின் நின்றது. வீடு முழுக்க அவ்வளவு அமைதி. பாவா துண்டால் வெட்டின இடத்துத் தூளைத் துடைத்து, கதவைச் சாத்திப் பார்த்து, என் பக்கம் திரும்பி, "நீ பாத்து சொன்னதால தைரியமா இருந்துச்சு" என்றார்.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். போய்க் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். பாவா எதிரே உட்கார்ந்து, எனக்கு முதலில் போடச் சொன்னார். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது.